போடி: இரண்டு ரயில்களுக்கு நடுவே ஒரு மலை

1928 நவம்பரில் மதுரையிலிருந்து புறப்பட்ட மீட்டர் கேஜ் ரயில், உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி என்று வந்து போடிநாயக்கனூரில் நின்றது. பாதை அதோடு முடிந்தது. ஊருக்கு மேற்கே சுவர் எழுப்பியதுபோல மேற்குத் தொடர்ச்சி மலை. மலைக்கு அந்தப் பக்கம் அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானம். அந்த மலை மேலும் ஒரு ரயில் ஓடியிருக்கிறது. மூணாறில் தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, போடி மலையின் விளிம்பில் இருக்கும் டாப் ஸ்டேஷன் வரை அது வந்து போனது. ஆனால் கீழே போடிக்கு ரயில் வந்தபோது மேலே அந்த ரயில் இல்லை. 1924 ஜூலை வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய் நான்கு வருடமாகியிருந்தது.

அந்த நான்கு வருட இடைவெளிதான் போடியின் கதை. இரண்டு பக்கமும் தண்டவாளம் வந்தும் நடுவில் இணையாமல் போன மலையைக் கடக்க, கயிறும் பொதிமாடும் தலைச்சுமையும் லாரியும் ஜீப்பும்தான் நூற்றாண்டுக்கு மேலாக உழைத்திருக்கின்றன. அந்த உழைப்பில் பிழைத்து வளர்ந்த ஊர் இது.

மதுரை நாயக்கர் காலத்து எழுபத்திரண்டு பாளையங்களில் போடியும் ஒன்று. மூன்று பக்கமும் மலை சூழ, கொட்டகுடி ஆற்றின் கரையில் இருக்கும் ஊர். இன்றைய கணக்கிலும் முக்கால் லட்சம் பேர் அளவில்தான் வசிக்கிறார்கள். இங்கிருந்து மலையேறும் பாதைகள் ரயிலுக்கும் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளுக்கும் முன்பே உண்டு. இந்தப் பக்கத்து அரிசியும் துணியும் மேலே போயின. அந்தப் பக்கத்து ஏலமும் மிளகும் கீழே வந்தன. மலைக்காட்டு ஏலக்காய் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை திருவிதாங்கூர் அரசின் ஏகபோகமாக இருந்தது. விளைந்த காயை அரசிடம்தான் கொடுக்க வேண்டும். ஒரு பொருளை அரசு தன் கையில் பூட்டி வைத்தால் எல்லைக்காட்டில் ஒற்றையடிப் பாதைகள் பெருகும். இந்த மலைக்கும் அது பொருந்தியது.

பெரிய மாற்றம் 1877-இல் வந்தது. அந்த வருடம் ஜூலை 11-ஆம் தேதி பூஞ்ஞார் அரசர், கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயருக்கு எழுதிக் கொடுத்தார். வருடத்துக்கு 3,000 ரூபாய் குத்தகை. மலைக்கு அந்தப் பெயரே அங்கிருந்த முதுவர் தலைவர் ஒருவரால் வந்தது என்று சொல்லப்படுகிறது. முதுவர்களோ தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள். காட்டைக் கழித்துத் தோட்டம் போட வந்த துரைமார்கள் பலரும் போடி வழியாகத்தான் ஏறினார்கள். வேலைக்கு ஆள் பிடித்த கங்காணிகளும் மதுரை, திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கத்து ஏழைக் குடும்பங்களை இந்தக் கணவாய்கள் வழியாகவே கூட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் பொங்கித் தின்ன அரிசியும் போடியிலிருந்துதான் ஏறியது. சமஸ்தானத்தின் தலைநகரான திருவனந்தபுரம் எங்கேயோ இருந்தது. மூணாறுக்குச் சோறு போட்ட ஊர் போடி.

விளைந்த தேயிலையைக் கப்பலேற்ற வேண்டுமே! அதற்குக் கண்டுபிடித்த வழி இன்று படித்தாலும் வியப்பளிப்பது. 1902-இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு வண்டிப்பாதை வெட்டி, அதன் ஓரமாக ஒற்றைத் தண்டவாளம் பதித்தார்கள். யூயிங் முறை என்று அதற்குப் பெயர். வண்டியின் பாரத்தைச் சிறு சக்கரங்கள் அந்த ஒற்றைத் தண்டவாளத்தின் மேல் தாங்கும். பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் சாதாரணத் தரையில் உருண்டு வண்டி சாயாமல் பார்த்துக்கொள்ளும். இழுத்தவை மாடுகள். பஞ்சாபில் பட்டியாலா சமஸ்தானம் இதே முறையில் ஒரு ரயிலை 1907-இல் தொடங்கியது. அதன் எஞ்சின் ஒன்றை டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் இப்போதும் பார்க்கலாம். மூணாறு அதற்கு ஐந்து வருடம் முந்தியது. 1908-இல் ஒற்றைத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, இரண்டடி அகலத்தில் முறையான சிறு ரயில் பாதை போட்டார்கள். குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்வே என்பது அதன் பெயர். மூணாறு, மாட்டுப்பட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன் என்று நீராவி எஞ்சின் மலை மேலேயே ஓடியது.

டாப் ஸ்டேஷனோடு மலை முடிகிறது. அதற்கப்பால் செங்குத்தான சரிவு, கீழே தேனிப் பள்ளத்தாக்கு. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகளைக் கம்பிக் கயிற்றில் தொங்கவிட்டுக் கொட்டகுடிக்கு இறக்கினார்கள். கயிற்றின் நீளம் சுமார் 5 கிலோமீட்டர். கீழ் முனைக்கு பாட்டம் ஸ்டேஷன் என்று பெயர். இடையில் ஒரு சென்ட்ரல் ஸ்டேஷன். இந்த மூன்று ஸ்டேஷன் பெயர்களும் அந்தக் கயிறு விட்டுச்சென்றவை. ரயிலையே பார்த்திராத பிள்ளைகள் சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற காட்டுக் கிராமத்தில் பிறந்து வளர்ந்திருக்கிறார்கள்.

கொட்டகுடியிலிருந்து போடிக்கு மாட்டுவண்டியில் 15 கிலோமீட்டர். போடியில் அன்று ரயில் இல்லாததால் வண்டிகள் அங்கேயும் நிற்க முடியாது. தேனி, பெரியகுளம், வத்தலக்குண்டு என்று ஏறத்தாழ 80 கிலோமீட்டர் உருண்டு அம்மையநாயக்கனூர் போக வேண்டும். திருச்சியையும் மதுரையையும் தூத்துக்குடியையும் இணைத்து 1875 வாக்கில் வந்த தென்னிந்திய ரயில்வேயின் நிலையம் அது. பெட்டிகள் அங்கே ரயிலேறித் தூத்துக்குடித் துறைமுகம் போயின.

அதே அம்மையநாயக்கனூர்தான் இன்றைய கொடைக்கானல் ரோடு. கொடைக்கானலுக்கு மோட்டார் சாலை வருவதற்கு முந்தைய காலத்தில், கோடை வாசத்துக்கு வந்த துரைமாரும் மிஷனரிகளும் அங்கே இறங்கி, இரவெல்லாம் மாட்டுவண்டியில் பயணம் செய்து பெரியகுளத்துக்கு அருகே மலையடிவாரம் சேர்ந்து, குதிரையிலும் கூலியாட்கள் தோளில் சுமந்த நாற்காலியிலும் மலையேறினார்கள். கொடைக்கானல் இருக்கும் பழனி மலைக்கு ஆள் ஏற்றிய வண்டிகளும் மூணாறுத் தேயிலையை இறக்கிய வண்டிகளும் ஒரே சாலையில் எதிரெதிராகப் போய் வந்தன. வில்பட்டி, கொடைக்கானல் பக்கத்து மலைக்காரர்களுக்கும் போடிக்காரர்களுக்கும் அன்று ரயில் என்றால் அந்த ஒரு நிலையம்தான்.

பிறகு 1924. கேரளத்தில் தொண்ணூற்று ஒன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று இன்றும் பேசப்படும் பேரழிவு. கொல்லம் ஆண்டு 1099-இல் நடந்ததால் அந்தப் பெயர். மூணாறில் வாரக்கணக்கில் மழை கொட்டியது. மலை சரிந்து ஓடைகளை அடைக்க, தேங்கிய நீர் ஒரேயடியாக உடைத்துக்கொண்டு பாய்ந்தது. பாலம், பாதை, தண்டவாளம் எல்லாம் போயின. குண்டளை ரயிலை மறுபடி யாரும் போடவில்லை.

ஏன் போடவில்லை என்பதற்கான விடையின் ஒரு பகுதி 1928-இல் இருக்கிறது. போடிக்கு ரயில் வந்த அதே வருடம் மே 26-ஆம் தேதி, ராபர்ட் பிரிஸ்டோவின் முயற்சியில் ஆழப்படுத்தப்பட்ட கொச்சித் துறைமுகத்துக்குள் பத்மா என்ற கப்பல் நுழைந்தது. மூணாறிலிருந்து நேரியமங்கலம் வழியாக ஆலுவாவுக்குப் புதுச் சாலையும் 1930-களின் தொடக்கத்தில் திறந்தது. தேயிலைக்கு அரபிக் கடல் கிட்டே வந்துவிட்ட பிறகு, தூத்துக்குடிக்குச் சுற்றிப் போக வேண்டிய அவசியம் குறைந்துகொண்டே வந்தது. போடி எதிர்பார்த்துக் காத்திருந்த சரக்கு, ரயில் வந்து சேர்ந்த நேரத்தில் மலைக்கு மறுபக்கம் திரும்ப ஆரம்பித்துவிட்டது. ஓர் ஊருக்கு இப்படியொரு துரதிர்ஷ்டம் வாய்ப்பது அபூர்வம்.

துரதிர்ஷ்டம் அதோடு விடவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது இரும்புக்குத் தட்டுப்பாடு. வருமானம் குறைந்த கிளைப் பாதைகளின் தண்டவாளங்களைப் பெயர்த்துப் போர்த் தேவைக்குக் கொண்டுபோனார்கள். போடிப் பாதையும் அதில் ஒன்று. திரும்பப் போட்டு ரயில் ஓடியது சுதந்திரத்துக்குப் பிறகு, 1950-களில்தான்.

கீழே தண்டவாளத்தைப் பிடுங்கிய அதே போர், மேலே ஒரு சாலையைச் செம்மையாக்கியது. கொடைக்கானலிலிருந்து பேரிஜம் ஏரி, வந்தரவு வழியாக டாப் ஸ்டேஷனைத் தொட்டு மூணாறு போகும் சாலை அது. பழைய ஆளுநர் கோஷன் பெயரில் 1929-இல் அதற்கு அடிக்கல் நாட்டிய இடத்தைத்தான் இன்று மோயர் பாயின்ட் என்று சுற்றுலாக்காரர்கள் நின்று பார்க்கிறார்கள். ஜப்பான் படை சென்னையில் இறங்கிவிட்டால் வெள்ளைக்காரர்களைக் கொடைக்கானலுக்கும் அங்கிருந்து மூணாறு வழியாகக் கொச்சிக்கும் கடத்திவிட வேண்டும் என்பது 1942-இன் திட்டம். எஸ்கேப் ரோடு என்ற பெயர் அதனால் வந்தது. யாரும் தப்பி ஓட வேண்டிய நாள் வரவில்லை. சுமார் 80 கிலோமீட்டரில் கொடைக்கானலையும் மூணாறையும் இணைத்த அந்தச் சாலை, பழனி மலைக்காரர்களுக்குக் கிடைத்த ஒரே மேற்கு வாசல். 1990 வாக்கில் அதுவும் மூடப்பட்டது. இன்று அதன் ஒரு முனை தமிழ்நாட்டுக் காப்புக்காட்டுக்குள், மறுமுனை கேரளத்தின் பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவுக்குள். சோலைக் காடுகளுக்கு அது நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் வில்பட்டியில் இருக்கும் ஒருவர் மூணாறில் இருக்கும் உறவினரைப் பார்க்க வேண்டுமென்றால், மலையை முழுக்க இறங்கி, தேனி, போடி சுற்றி, மறுபடி போடிமெட்டு ஏறித்தான் போக வேண்டும். இரண்டு மலைகளுக்கும் நடுவே படிக்கட்டு போடிதான்.

1956 நவம்பர் 1 இந்த மலையின் எல்லையைக் கேரளத்தின் எல்லையாக்கியது. அதற்கு முந்தைய வருடங்களில் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டுத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கடுமையாகப் போராடியது. 1954 ஜூலையில் அதன் தலைவர்களில் ஒருவரான நேசமணியும் தோழர்களும் தேவிகுளம் போய்த் தடையை மீறிக் கைதானார்கள். அடுத்த மாதம் திருவிதாங்கூரின் தென்பகுதியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. கடைசியில் கன்னியாகுமரிப் பகுதியின் நான்கு வட்டங்களும் செங்கோட்டையும் இந்தப் பக்கம் வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. அங்கே பேசுகிற மொழி தமிழாக இருந்தாலும், பேசுகிறவர்களில் பெரும்பாலோர் தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்கள் என்பது மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் வாதம். தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து அங்கேயே மண்ணுக்குள் போன குடும்பங்களை வந்து போகிறவர்கள் என்று கணக்கிட்டது நியாயமாகத் தெரியவில்லை.

கோடு போட்டவர்கள் மலையின் போக்கைப் பார்த்துப் போட்டார்களே தவிர, பாதைகளின் போக்கைப் பார்க்கவில்லை. டாப் ஸ்டேஷன் தேனி மாவட்டத்தில், கொட்டகுடி ஊராட்சியில் இருக்கிறது. வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளத்துக்குள் நுழைந்து மூணாறு வழியாகத்தான் போக முடியும். உயரத்துக்குப் பேர்போன கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டமும் தேனி மாவட்டத்தில்தான். அதற்கு ஜீப் ஏறுவது கேரளத்தின் சூரியநெல்லியில். தன் மாநிலத்து நிலத்துக்குப் போக அடுத்த மாநிலத்தைச் சுற்றும் இந்த நிலைமைக்கு மாற்று, குரங்கணியிலிருந்து காட்டுப் பாதையில் ஏறுவது மட்டும்தான். 2018 மார்ச் 11-ஆம் தேதி கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு அந்தச் சரிவில் இறங்கிய மலையேற்றக் குழுவினர் காட்டுத் தீயில் சிக்கி, 23 பேர் உயிரிழந்ததை நாடே பார்த்தது.

தேயிலை போன பிறகு போடியைக் காப்பாற்றியது ஏலக்காய். உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் கணிசமானவை கம்பம், போடி, தேவாரம் பகுதிக் குடும்பங்கள் போட்டவை. காய் விளைவது கேரளத்தில். அதைத் தரம் பிரித்து, விற்று, வட இந்தியாவுக்கு அனுப்பும் வியாபாரிகள் போடியில். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் கேரளத்தில் புத்தடியிலும் தமிழ்நாட்டில் போடியிலும் நடக்கிறது. 2018 வெள்ளத்தில் தோட்டங்கள் அழிந்து, அடுத்த வருடம் மழையும் பொய்த்தபோது, 2019 ஆகஸ்டில் உயர்ந்த விலை கிலோவுக்கு 7,000 ரூபாயைத் தொட்டது. பல வருடமாக ஆயிரம் ரூபாயைச் சுற்றியே இருந்த பொருள் அது. பிறகு இறங்கிய வேகத்தையும் இந்த ஊர் பார்த்தது.

காயை இறக்குவது லாரி. ஆளை ஏற்றுவது ஜீப். போடி, தேவாரம், கோம்பை, கம்பம் ஊர்களில் விடிவதற்கு முன்பே தூக்குவாளியில் சோற்றோடு பெண்கள் நிற்பார்கள். ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, முந்தல் சோதனைச் சாவடி தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து போடிமெட்டுக்கு மேலே போய், காய் எடுத்துவிட்டுப் பொழுது சாய இறங்கி வருவார்கள். அளவுக்கு மேல் ஆள் ஏற்றி உருண்ட ஜீப்புகளின் செய்தி இந்தப் பக்கத்தில் வருடந்தோறும் வருவது. போடியின் ரயில் வரலாற்றைப் பேசுகிறவர்கள்கூட இந்த ஜீப்புகளைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் மாநில எல்லையைத் தினமும் கடக்கும் கூட்டத்தை இவைதான் சுமக்கின்றன.

எல்லை மூடினால் முதலில் அடிபடுவதும் இவர்களே. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைத் தகராறு முற்றி குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டுப் பாதைகள் அடைபட்டபோது, தோட்டங்களிலிருந்த தமிழ்த் தொழிலாளர்கள் குழந்தை குட்டிகளோடு காட்டு வழியே நடந்து தேனி மாவட்டத்துக்கு இறங்கினார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பேருந்துகள் நின்றபோதும் அதேபோல் நடந்தார்கள். அப்படி ராசிங்காபுரம் பக்கத்து மலைக்காட்டில் இறங்கிக்கொண்டிருந்த ஒரு கூட்டம் காட்டுத் தீயில் மாட்டியது. இறந்தவர்களில் ஒரு சிறு குழந்தையும் உண்டு.

சாலையில் இன்னொரு போக்குவரத்தும் உண்டு. உணவுத் தானியத்துக்கு மாநில எல்லைக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் இந்தக் கணவாய்களில் இரவில் அரிசி ஏறியது. கட்டுப்பாடு போன பிறகும் ரேஷன் அரிசி ஏறுகிறது. பிடிபட்ட மூட்டைகளின் செய்தி தேனிப் பக்க நாளிதழ்களில் இன்றும் தொடர்கிறது. 2017 ஜூலையில் சரக்கு, சேவை வரி வந்ததும் போடிமெட்டில் வணிகவரிச் சாவடிகளுக்கு வேலையில்லாமல் போய், லாரிகளின் நீண்ட வரிசை கலைந்தது. போலீசும் வனத்துறையும் மட்டும் இருக்கிறார்கள். தேவாரத்துக்காரர்களோ மலைமேல் இருக்கும் சாக்கலூத்து மெட்டுக்குச் சாலை கேட்டுப் பல தேர்தல்களைக் கடந்துவிட்டார்கள். அந்தச் சாலை வந்தால் தோட்டங்களுக்குப் போடிமெட்டு சுற்றிப் போவது மிச்சமாகும். நடுவில் இருப்பது காப்புக்காடு என்பதால் கோப்பு நகரவில்லை.

கீழே ரயில் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. மீட்டர் கேஜ் போடி பாசஞ்சரைப் பேருந்து எப்போதோ முந்திவிட்டது. ஆனாலும் குறைந்த கட்டணத்துக்காக மதுரைக்குப் போகிறவர்கள் அதையே நம்பினார்கள். 2010-இன் இறுதியில் அகலப் பாதைக்காக அதை நிறுத்தினார்கள். 90 கிலோமீட்டர் பாதை. சில வருடத்தில் முடியும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பணம் துளித்துளியாக வந்தது; ஆண்டிபட்டிக் கணவாயில் பாறையை வெட்ட வேண்டியிருந்தது. பதினொரு வருடத்துக்கு மேல் தேனி மாவட்டம் முழுவதிலும் ஒரு ரயில்கூட ஓடவில்லை. 2022 மே 26-ஆம் தேதி தேனி வரை திறந்தது. 2023 ஜூன் 15-ஆம் தேதி போடிக்கு வந்தது. முன்பு ஒருபோதும் இல்லாதபடி, சென்னை சென்ட்ரலிலிருந்து வாரம் மூன்று நாள் நேரடி விரைவு ரயிலும் சேர்ந்து வந்தது.

அந்த ரயிலுக்கு மலைக்கு மேலேயும் வரவேற்பு இருந்தது. இடுக்கி மாவட்டத்தில் ரயில் நிலையமே கிடையாது. பூப்பாறை, சாந்தன்பாறை, சூரியநெல்லிப் பக்கத்து ஆட்களுக்கு ஆலுவாவையும் எர்ணாகுளத்தையும்விடப் போடி கிட்டே இருக்கிறது. 2024 தொடக்கத்தில் மூணாறு-போடிமெட்டுத் தேசிய நெடுஞ்சாலை அகலப்படுத்தித் திறக்கப்பட்ட பிறகு அது இன்னும் கிட்டே வந்துவிட்டது. மலை மேல் தண்டவாளத்தை இழந்த மக்கள், ஒரு நூற்றாண்டு கழித்து மலைக்குக் கீழே தங்களுக்கான நிலையத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

திண்டுக்கல்லிலிருந்து குமுளிக்கு ரயில், போடியிலிருந்து மலையைக் குடைந்து கொச்சிக்கு ரயில் என்ற கோரிக்கைகள் ஒவ்வொரு பட்ஜெட்டின்போதும் எழுகின்றன. காட்டையும் செலவையும் பார்த்தால் அவை விரைவில் நடக்கக்கூடியவையாகத் தெரியவில்லை. செய்யக்கூடியது வேறொன்று இருக்கிறது. சென்னை ரயில் காலையில் போடிக்கு வந்து இரவில் புறப்படுகிறது. அந்த இரண்டு நேரத்துக்கும் ஒத்துப்போகிற மாதிரி நிலைய வாசலிலிருந்தே மூணாறுக்கும் பூப்பாறைக்கும் நெடுங்கண்டத்துக்கும் இரண்டு மாநிலப் போக்குவரத்துக் கழகங்களும் பேருந்து விட்டால் போதும். சுரங்கம் குடைய வேண்டாம். ஒரு மரம் வெட்ட வேண்டாம். தேனி, இடுக்கி மாவட்ட ஆட்சியர்கள் ஒருநாள் உட்கார்ந்து பேசி நேர அட்டவணை போட்டால் முடிகிற வேலை இது.